ஒரு நகரத்தின் முதல் வாக்கியம்



"ஜெரூசலம் எந்த நாட்டின் தலைநகரம்?" என்று பாடசாலைப் பிள்ளையொன்று உங்களிடம் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? ஒரு வீட்டில் "பலஸ்தீனத்தின் தலைநகரம்" என்பார்கள். இன்னொரு வீட்டில் "இஸ்ரேல் என்றல்லவா புத்தகத்தில் போட்டிருக்கிறது" என்பார்கள். இக்காலப் பிள்ளைகளோ உம்மாவிடமும் வாப்பாவிடமும் கேட்பதற்கு முன்னரே கைத்தொலைபேசியைத் தட்டிப் பார்த்துவிடுகிறார்கள். அங்கே முன்னுக்கு வந்து நிற்பவற்றுள் ஒன்று விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியம். அதன் முதல் இரண்டு மூன்று வரிகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள்.

அந்த வரிகளை எழுதியவர்கள் யார்? எதை வைத்து எழுதினார்கள்? பிழையென்றால் திருத்த முடியுமா? இம்மாதம் இதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். முஸ்லிம்களின் முதல் கிப்லாவான பைத்துல் முகத்தஸ் அமைந்திருக்கும் நகரம் அது. யூதர்களும் கிறிஸ்தவர்களும் கூட அதைப் புனித நகரமாகவே மதிக்கிறார்கள். ஆகவே அந்த நகரைப் பற்றிய முதல் வாக்கியம் யாருக்குமே வெறும் பொது அறிவு வினா அன்று.

யார் எழுதுகிறார்கள்?

விக்கிப்பீடியா 2001ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி ஆங்கிலத்தில் ஆரம்பமானது. இன்று 300க்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது. தமிழ்ப் பதிப்பு 2003ஆம் ஆண்டு தொடங்கியது. அமெரிக்காவிலுள்ள ஒரு அறநிறுவனம் கணினிகளையும் செலவுகளையும் பார்த்துக்கொள்கிறது. கட்டுரைகளை எழுதுவதற்கு அந்நிறுவனம் யாருக்கும் சம்பளம் கொடுப்பதில்லை. ஆசிரியர், மாணவர், ஓய்வுபெற்றவர், வீட்டிலிருக்கும் பெண் என்று விரும்பிய எவரும் எழுதலாம், திருத்தலாம்.

"எவரும் திருத்தலாம் என்றால் எப்படி நம்புவது?" என்று நீங்கள் கேட்பது நியாயமே. அதற்காகத்தான் ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் இரண்டு பக்கங்கள் இருக்கின்றன. ஒன்று வரலாற்றுப் பக்கம். எந்த நாளில், எந்தப் பெயரில் வந்தவர், எந்தச் சொல்லை மாற்றினார் என்ற கணக்கு அதில் இருக்கும். மற்றது உரையாடல் பக்கம். ஏன் மாற்ற வேண்டும், ஏன் மாற்றக்கூடாது என்ற வாதம் அங்கே நடக்கும். இரண்டையும் நாமும் திறந்து வாசிக்கலாம்.

அடிப்படை விதிகள் மூன்று. முதலாவது, நடுநிலை தவறக்கூடாது. இரண்டாவது, எழுதுவதை நம்பத்தகுந்த நூலிலோ பத்திரிகையிலோ மற்றவர் சரிபார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். மூன்றாவது, தன் சொந்த ஆராய்ச்சியை அங்கே கொண்டுவந்து வைக்கக்கூடாது. "எனக்குத் தெரியும்" என்பது அங்கே ஆதாரமாகாது. "யார் சொன்னார், எங்கே சொன்னார்?" என்பதே கேள்வி. அரபுக் கல்லூரியில் ஓதியவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

ஜெரூசலத்தின் வழக்கு

சகோதரிகளே, வாதத்தைப் புரிந்துகொள்ள நான்கைந்து ஆண்டுகளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1947 நவம்பர் 29இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய பிரிவினைத் திட்டம், ஜெரூசலத்தை எந்த நாட்டுக்கும் கொடுக்காமல் சர்வதேச நிர்வாகத்தின் கீழ் வைக்கச் சொன்னது. 1948ஆம் ஆண்டு யுத்தத்தின் பின்னர் மேற்குப் பகுதி இஸ்ரேலிடமும் கிழக்குப் பகுதி ஜோர்தானிடமும் இருந்தன. 1967 ஜூன் மாத யுத்தத்தில் கிழக்கையும் இஸ்ரேல் கைப்பற்றியது. 1980இல் முழு நகரமும் தன் தலைநகரம் என்று இஸ்ரேல் சட்டம் இயற்றியது. பாதுகாப்புச் சபை தனது 478ஆம் இலக்கத் தீர்மானத்தின் மூலம் அச்சட்டம் செல்லாது என்று கூறி, அந்நகரிலுள்ள தூதரகங்களை வெளியேற்றுமாறு நாடுகளைக் கேட்டது. 1988இல் பலஸ்தீன விடுதலை இயக்கம் பலஸ்தீன அரசைப் பிரகடனம் செய்தபோது ஜெரூசலத்தையே அதன் தலைநகராக அறிவித்தது.

இனி ஆங்கில விக்கிப்பீடியாவுக்கு வருவோம். அங்கே பல ஆண்டுகளாக இந்நகரம் இஸ்ரேலின் தலைநகரம் என்றும், ஆனால் உலக நாடுகள் அதை அங்கீகரிக்கவில்லை என்றும் கட்டுரை தொடங்கியது. ஒரு தரப்பினர் இதுவே சரி என்றனர். இஸ்ரேலின் பாராளுமன்றமும் உயர் நீதிமன்றமும் பிரதமர் அலுவலகமும் அங்கேதானே இருக்கின்றன, ஒரு நாடு தன் தலைநகரைத் தானே தீர்மானிக்கிறது என்பது அவர்கள் வாதம். மறு தரப்பினர், உலகம் ஏற்காத ஒன்றை முதலில் உண்மைபோல் எழுதிவிட்டு, ஏற்கவில்லை என்பதை வாலாக ஒட்டுவது நடுநிலையா என்று கேட்டனர்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இரு தரப்பாரின் கையிலும் ஆதாரங்கள் இருந்தன. கட்டடங்கள் அங்கே இருப்பதும் உண்மை, உலகம் அங்கீகரிக்காததும் உண்மை. எந்த உண்மையை முன்னே வைப்பது, "தலைநகரம்" என்று யாருடைய வாயால் சொல்வது என்பதில்தான் பிணக்கு. ஒருவர் மாற்றுவார், மற்றவர் பழையபடி ஆக்குவார். ஒரே கட்டுரையில் 24 மணித்தியாலத்துக்குள் மூன்று தடவைக்கு மேல் இப்படிப் பழையபடி ஆக்குபவரைத் தடை செய்யலாம் என்றொரு பொது விதி அங்கே உண்டு. அதற்கும் இந்தச் சண்டை அடங்கவில்லை.

கடைசியில் 2012 டிசம்பரில், விக்கிப்பீடியாவின் நடுவர் குழு தலையிட்டது. அக்குழுவிலிருப்பவர்களும் தொண்டர்களே. எது சரியான வாக்கியம் என்று தீர்ப்புச் சொல்ல அவர்கள் முன்வரவில்லை. எல்லோரும் முறையாகக் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள், அம்முடிவு மூன்று வருடங்களுக்கு எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்றார்கள். 2013இல் அந்தக் கலந்தாய்வு நடந்தது. மாதிரி வாசகங்கள் பல முன்வைக்கப்பட்டன. வாதங்களை எடைபோட்டு முடிவை எழுதும் பொறுப்பு மூன்று பேருக்குக் கொடுக்கப்பட்டது.

அவர்கள் முடிவின்படி எழுந்த பந்தியின் சாரம் இதுதான். உலகின் மிகப் பழைய நகரங்களுள் ஒன்று ஜெரூசலம். மூன்று மதத்தாருக்கும் அது புனிதமானது. இஸ்ரேலியரும் பலஸ்தீனியரும் அதைத் தமது தலைநகரம் என்று உரிமை கோருகின்றனர். இஸ்ரேலின் முக்கிய அரச நிறுவனங்கள் அங்கே இருக்கின்றன; பலஸ்தீன அரசு எதிர்காலத்தில் அதைத் தன் ஆட்சிபீடமாக எதிர்பார்க்கிறது. இரு கோரிக்கைகளுமே சர்வதேச ரீதியில் பரவலாக அங்கீகரிக்கப்படவில்லை.

இதைச் சொல் சொல்லாக வாசியுங்கள். "உரிமை கோருகின்றனர்" என்ற சொல் இரு தரப்பாரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. "நிறுவனங்கள் இருக்கின்றன" என்பது கண்ணால் காணக்கூடிய நிலைமையை மறைக்காமல் சொல்கிறது. "பரவலாக" என்ற ஒரு சொல், அங்கீகரித்த நாடுகள் சில இருந்தாலும் வாக்கியம் பொய்யாகிவிடாமல் காக்கிறது. "பலஸ்தீனத்தின் தலைநகரம் என்று எழுதவில்லையே" என்று நம் மனம் வருந்தலாம். "இஸ்ரேலின் தலைநகரம் என்ற தொடக்கத்தை எடுத்துவிட்டார்களே" என்று மற்றவர் மனமும் வருந்தியிருக்கும். வாதாடிய இரு தரப்பாருக்கும் முழுத் திருப்தி தராத வாக்கியம் அது. ஆயினும் இதில் பொய் என்று இருவருமே சுட்டிக்காட்ட முடியாதபடி அமைந்திருக்கிறது.

காவல் ஓய்வதில்லை

எழுதி முடித்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. 2017 டிசம்பர் 6ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப், ஜெரூசலத்தை இஸ்ரேலின் தலைநகராக அங்கீகரிப்பதாக அறிவித்தார். அதே மாதம் ஐ.நா. பொதுச்சபையில் 128 நாடுகள் அதற்கெதிரான தீர்மானத்துக்கு வாக்களித்தன. 9 நாடுகள் எதிர்த்தன. 2018 மே 14இல் அமெரிக்கத் தூதரகம் அங்கே திறக்கப்பட்டது. அவுஸ்திரேலியா 2018 டிசம்பரில் மேற்கு ஜெரூசலத்தை மட்டும் அங்கீகரித்து, 2022 ஒக்டோபரில் அதை வாபஸ் பெற்றது. இப்படி ஒவ்வொன்று நடக்கும்போதும் கட்டுரையில் எங்கே, எத்தனை சொற்களில், எந்த ஆதாரத்துடன் சேர்ப்பது என்று பார்க்க ஆள் வேண்டும்.

இன்று அக்கட்டுரையைப் புதிதாக வந்த ஒருவர் நேரடியாகத் திருத்த முடியாது. கணக்குத் திறந்து 30 நாட்களாவது ஆகியிருக்க வேண்டும், வேறு இடங்களில் 500 திருத்தங்களாவது செய்திருக்க வேண்டும். அதாவது முதலில் சாதாரண வேலைகளைச் செய்து பொறுமையைக் காட்டிய பின்னரே நெருப்புப் பற்றிய இடத்துக்கு விடுவார்கள். இத்தனை இருந்தும் குறைகள் தீர்ந்துவிடவில்லை. 2025 ஜனவரியில் நடுவர் குழு, இஸ்ரேல்-பலஸ்தீன விடயங்களில் எழுதிவந்த இரு தரப்பு அனுபவசாலிகள் பலரை அத்தலைப்புகளைத் தொடக்கூடாது என்று தடை செய்தது. மனிதர் செய்யும் வேலை என்பதால் விருப்பு வெறுப்பு உள்ளே வரவே செய்கிறது.

வேறு நகரங்களுக்கும் இதே கதைதான். பால்டிக் கடலோரத்தில் உள்ள கிடான்ஸ்க் இன்று போலந்து நாட்டுத் துறைமுகம். ஜேர்மனியர் அதை டான்சிக் என்பர். எந்தப் பெயரை எழுதுவது என்ற சண்டை நீண்டு, 2005இல் தொண்டர்கள் வாக்கெடுப்பே நடத்தினார்கள். 1308 முதல் 1945 வரையான வரலாற்றைச் சொல்லும்போது டான்சிக், அதற்கு முன்னும் பின்னும் கிடான்ஸ்க் என்று முடிவாயிற்று. உக்ரேன் தலைநகரின் பெயரை ரஷ்ய மொழி வழக்கில் வந்த கியெவ் என்பதிலிருந்து உக்ரேனிய வழக்கான கீவ் என்று மாற்றக் கேட்டவர்களுக்குப் பல வருடங்கள் இணக்கம் கிடைக்கவில்லை. 2019இல் பெரிய செய்தி நிறுவனங்கள் தம் எழுத்து வழக்கை மாற்றின. 2020 செப்டெம்பரில் கட்டுரைத் தலைப்பும் மாறியது. கலைக்களஞ்சியம் உலகத்துக்கு முன்னே ஓடுவதில்லை, அதன் பின்னால்தான் நடக்கிறது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

நாம் என்ன செய்யலாம்?

இதிலிருந்து நம் வீட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை உண்டு. "ஜெரூசலம் கட்டுரையை மாற்றிவிட்டார்கள், எல்லோரும் போய்த் திருத்துங்கள்" என்று கைத்தொலைபேசியில் ஒரு செய்தி வந்தால், அதை அப்படியே பத்துப் பேருக்கு அனுப்பிவிடாதீர்கள். வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தால் மாற்றினார்களா, எப்போது மாற்றினார்கள் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நூறு பேர் போய்ச் சத்தமிட்டால் அங்கே வாக்கியம் மாறாது. ஒருவர் நல்ல நூலொன்றின் பக்க எண்ணோடு சென்று நிதானமாகப் பேசினால் மாறக்கூடும். நியாயம் நம் பக்கம் இருக்கிறது என்று நம்புகிறவர்களுக்குத்தான் ஆதாரம் தேடும் கடமை அதிகம்.

பிள்ளை செயற்றிட்டத்துக்காக ஒரு நகரத்தின் கட்டுரையைத் திறக்கும்போது பக்கத்தில் சற்று அமருங்கள். உங்களுக்குக் கணினி தெரிய வேண்டும் என்பதில்லை. மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். "இந்த வரிக்குக் கீழே அடிக்குறிப்பு இருக்கிறதா, அது யாருடைய நூல்?" "இங்கே 'இருக்கிறது' என்று எழுதியிருக்கிறதா, 'என்று கூறுகின்றனர்' என்று எழுதியிருக்கிறதா?" "உரையாடல் பக்கத்தில் எதைப் பற்றிப் பிணங்குகிறார்கள்?" இவற்றுக்கு விடை தேடும் பிள்ளை வெறுமனே பார்த்து எழுதும் பிள்ளையாக இருக்காது. நாளைக்குப் பத்திரிகை வாசிக்கும்போதும், ஊர்க்கதை கேட்கும்போதும் இதே கேள்விகள் அதன் நாவில் வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விக்கிப்பீடியாவில் எழுதுபவர்களில் பெண்கள் மிகச் சிறுபான்மையினரே. ஒரு நகரத்தின் கோட்டை, யுத்தம், மன்னர் பட்டியல் எல்லாம் நீளமாக இருக்க, அங்கே பெண்கள் தொடங்கிய பாடசாலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமற் போவதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் வீட்டில் படித்த பெண்பிள்ளை இருந்தால், தமிழ்ப் பதிப்பில் தன் ஊரைப் பற்றிய கட்டுரையை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். பிழையிருந்தால் ஆதாரத்தோடு திருத்தட்டும். விடுபட்டிருந்தால், பாடசாலை மலரிலோ ஊர் வரலாற்று நூலிலோ அச்சில் வந்ததைக் குறிப்பிட்டுச் சேர்க்கட்டும். மற்றவர் மறுத்தால் கோபப்படாமல் உரையாடல் பக்கத்தில் பதில் எழுதட்டும்.

தனக்கு நெருக்கமான ஓர் ஊரைப் பற்றிக்கூட, மறு தரப்பாரும் பொய்யென்று சொல்ல முடியாதபடி ஒரு வாக்கியம் எழுதுவது இலேசான காரியமல்ல. அதைப் பழகிய பிள்ளை எந்தச் சபையிலும் தன் பக்கத்து நியாயத்தைத் தலை நிமிர்ந்து சொல்லும்.

அடுத்த மாதம் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.