இரைச்சலுக்கு உரிமம் தேவையில்லை

இந்தியாவில் ஒருவர் ஒரு வாட் சக்தியில், தன் சொந்தச் செலவில், வானலையில் "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்ல ஆசைப்பட்டால் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வை எழுத வேண்டும். அப்புறம் விண்ணப்பம், சரிபார்ப்பு, காத்திருப்பு. எல்லாம் முடிந்தால் 'வியூ' என்று தொடங்கும் ஓர் அழைப்புக்குறி கிடைக்கும். அதன் பிறகுதான் அவர் ஹாம். இதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை. வானலை பொதுச்சொத்து, அதில் பேசுகிறவருக்குக் கொஞ்சம் படிப்பும் பொறுப்பும் இருக்கட்டும்.

ஆனால் அதே தெருவில் இன்னொருவர் மலிவான எல்இடி பல்பு ஒன்றை வாங்கி மாட்டுகிறார். அதற்குள் இருக்கும் மின்சுற்றில் வடிகட்டி கிடையாது. இரண்டு ரூபாய் மிச்சம் பிடிக்க அதைத் தூக்கிவிட்டார்கள். அந்த பல்பு எரிகிற நேரமெல்லாம் நீண்ட அலை, மத்திய அலை வரிசைகளில் கரகரவென்று கொட்டுகிறது. வீட்டு வயரிங் அதற்கு ஆண்டெனா, தெருக் கம்பம் அதற்குக் கோபுரம். அதை வாங்கியவரிடமோ விற்றவரிடமோ யாராவது தேர்வு எழுதச் சொன்னார்களா? சொல்லுக்கு உரிமம் வேண்டும், இரைச்சலுக்கு வேண்டாம் என்பதுதான் நம் நாட்டில் வானலையின் சட்டம். இதை அநியாயம் என்று சொல்ல ஆள் இல்லை என்பதால் நான் சொல்கிறேன்.

யாருக்கு இதில் நஷ்டம் என்று கேட்பீர்கள். பலவீனமான சிக்னலைக் கேட்கிறவர்களுக்கு. அவர்கள் யார், என்ன செய்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் தமிழில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை.

நாம் எஃப்.எம்-இல் கேட்கும் அலையின் நீளம் மூன்று மீட்டர் சொச்சம். 136 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 2,200 மீட்டர். சர்வதேச வானொலி மாநாடு 2007-இல் இந்த இடத்தில் ஒரு சின்னப் பட்டையை (135.7 முதல் 137.8 வரை) அமெச்சூர்களுக்கு ஒதுக்கியது. 2012-இல் 472 முதல் 479 வரை இன்னொரு பட்டை. 136-இல் ஒழுங்கான ஆண்டெனா என்றால் 550 மீட்டர் உயரம் வேண்டும். யார் வீட்டில் அது சாத்தியம்? அதனால் பத்து, இருபது மீட்டர் கம்பியைத் தூக்கிக் கட்டி, நூற்றுக்கணக்கான வாட்டை உள்ளே அனுப்பி, வெளியே போவது ஒரு வாட்டுக்கும் கீழே என்று தெரிந்தே அனுப்புகிறார்கள். அந்தத் துளியை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஒருவர் பிடிக்க வேண்டும்.

எப்படிப் பிடிப்பது? ரகசியம் பொறுமைதான். இரைச்சல் எல்லா இடத்திலும் பரவிக் கிடக்கிறது. நீங்கள் எவ்வளவு அகலமாக ஜன்னலைத் திறக்கிறீர்களோ அவ்வளவு இரைச்சல் உள்ளே வரும். ஜன்னலைச் சுருக்கினால் இரைச்சல் குறையும், சிக்னல் அப்படியே இருக்கும். ஆனால் குறுகிய ஜன்னல் வழியே வேகமாகப் பேச முடியாது. ஆகவே மெதுவாக, மிக மிக மெதுவாகப் பேசு. மோர்ஸில் ஒரு புள்ளிக்கு 60 விநாடி எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். 'வி' என்ற ஓர் எழுத்துக்கு மூன்று புள்ளி, ஒரு கோடு, இடைவெளிகளையும் சேர்த்தால் ஒன்பது நிமிடம். இந்திய அழைப்புக்குறியின் முதல் இரண்டு எழுத்தைச் சொல்லி முடிக்கவே 19 நிமிடம். ஆனால் ஜன்னலின் அகலம் ஒரு ஹெர்ட்ஸில் அறுபதில் ஒரு பங்காகிவிடுகிறது. சாதாரணப் பேச்சுக்கான 2,500 ஹெர்ட்ஸ் ஜன்னலோடு ஒப்பிட்டால் உள்ளே வரும் இரைச்சல் ஏறத்தாழ ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கு. இதைக் காதால் கேட்பதில்லை. கணினித் திரையில் மணல்போலக் கொட்டும் இரைச்சலுக்கு நடுவே ஒரு மெல்லிய கோடாகக் கண்ணால் பார்ப்பது.

இன்னொரு வழி, ஜோ டெய்லர் எழுதி 2008-இல் வெளியான விஸ்பர் என்ற முறை. இவர் 1993-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். தொலைதூரத்துப் பல்சர்களின் மெல்லிய துடிப்பைப் பிடித்த ஆள், அதே புத்தியை ஹாம்களுக்காகவும் செலவழித்தார். அழைப்புக்குறி, இருக்கும் இடம், சக்தி ஆகிய மூன்றே தகவல். மொத்தம் 50 பிட். அதை அனுப்ப 110 விநாடிக்கும் சற்று மேல். சிக்னல் இரைச்சலில் சுமார் 600-இல் ஒரு பங்காக இருந்தாலும் கணினி அதைத் தோண்டி எடுத்துவிடும். இது மந்திரமில்லை. என்ன வரப்போகிறது, எப்போது வரப்போகிறது என்று இருபுறமும் முன்பே ஒப்புக்கொண்டதால் கிடைக்கும் பலன்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் பெருமுக்கல் மலை. சுற்றிலும் சமவெளி, நடுவில் பாறைக் குவியல். 1760-இல் அயர் கூட்டின் படை பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்த மலைக்கோட்டையைப் பிடித்தது. ஆங்கிலேயர் பதிவுகளில் பெர்மாகாயில் என்று இருக்கும். வெறும் பாறைக்கு எதற்குச் சண்டை? மேலே நின்றால் வருகிறவன் தெரிவான், அதுதான். அதே மலையில் பாறையைக் கொத்திப் போட்ட பழைய கீறல்களும் உண்டு. இந்த மாதிரிக் கொத்துக்கோடுகளை நேராக வெளிச்சம் அடித்துப் பார்த்தால் தெரியாது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். பார்க்கத் தெரியாதவன் "வெறும் பாறை சார்" என்று இறங்கிவிடுவான்.

மலையிலிருந்து கிழக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். வானொலிக்காரன் கண்ணுக்கு இது பொன் விளையும் பூமி. நீண்ட அலைகள் தரையை ஒட்டிப் பயணிப்பவை. காய்ந்த மண் அவற்றை உறிஞ்சிவிடும், உப்புநீர் வழிவிடும். கடல்நீரின் மின்கடத்துத்திறன் காய்ந்த மண்ணைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். பாத்திகளின் நடுவில் வீடு இல்லை, அதனால் பல்பும் சார்ஜரும் இல்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து உப்பு வேலை தொடங்கும் தை, மாசியில் உள்ளூர் இடிமின்னலும் அடங்கிவிடும். நீண்ட அலையின் மிகப் பெரிய எதிரி மின்னல்தான். ஆக இடமும் காலமும் கூடிவருகின்றன. கேட்க ஆளைத்தான் காணோம்.

கேட்க என்ன இருக்கிறது என்கிறீர்களா? திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம் 1990-இலிருந்து இயங்குகிறது. 18.2 கிலோஹெர்ட்ஸில் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் நிலையம். அலைநீளம் 16 கிலோமீட்டருக்கும் மேல். இதைப் பிடிக்கப் பெரிய ரேடியோ வேண்டாம். ஒரு மரச்சட்டத்தில் பல சுற்றுக் கம்பி, சின்ன பெருக்கி, பழைய லேப்டாப்பின் சவுண்ட் கார்டு போதும். 48,000 மாதிரி எடுக்கும் கார்டு 24 கிலோஹெர்ட்ஸ் வரை பார்க்கும். அதே திரையில் 19.8-இல் ஆஸ்திரேலியாவின் வடமேற்கு முனை நிலையம், 5,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, கோடு போட்டு நிற்கும்.

என்ன சேதி போகிறது என்று யாராலும் படிக்க முடியாது, படிக்கவும் வேண்டாம். நமக்குத் தேவை அதன் பலம் மட்டும். பகலில் சுமார் 70 கிலோமீட்டர் உயரத்தில் இந்த அலைகளைத் திருப்பிவிடும் வானத்துக் கூரை, இரவில் 85, 90 என்று மேலே ஏறிவிடும். விடியலிலும் அந்தியிலும் சிக்னல் தடுமாறுவதைக் கோடாகவே பார்க்கலாம். சூரியனில் ஒரு வெடிப்பு நடந்தால் சில நிமிடங்களில் கோடு எகிறும் அல்லது சரியும். 2009 ஜூலை 22 முழு சூரிய கிரகணத்தின்போது கொல்கத்தாவிலுள்ள இந்திய விண்வெளி இயற்பியல் மையம் நாட்டின் பல இடங்களில் ஏற்பிகளை வைத்து இதே 18.2 சிக்னலைப் பதிவு செய்தது. நிழல் ஓடிய பாதையில் வானத்துக் கூரை எப்படி அசைந்தது என்பதை விஜயநாராயணத்துச் சிக்னல் காட்டிக்கொடுத்தது. கோபுரம் நம் மண்ணில். அதை வைத்துக் கேள்வி கேட்டவர்கள் வங்காளத்தில். அவர்கள் மேல் எனக்குப் பொறாமை இல்லை, மரியாதைதான். திருநெல்வேலி பக்கத்திலேயே புவிகாந்தவியல் ஆய்வகமும் இருக்கிறது, விஞ்ஞானிகள் வேலையைச் செய்கிறார்கள். நம்ம அரசுக் கல்லூரி இயற்பியல் துறைகளும், நம்ம இளைஞர்களும், நாமும் எங்கே போனோம் என்பதுதான் என் கேள்வி.

இலக்கிய வாசகர்களான உங்களிடம் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. வானொலி பற்றி நம்ம இணைய இதழ்களில் வரும் கட்டுரைகளை எடுத்துப் பாருங்கள். தாத்தாவின் மர்பி ரேடியோ, இலங்கை வானொலியின் அந்தி நேரப் பாட்டு, அப்பா காதில் வைத்துக் கேட்ட கிரிக்கெட். 2017 ஏப்ரல் 30-இல் பிபிசி தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு நின்றபோது எத்தனை கண்ணீர். எனக்கும் வருத்தம்தான், ஆனால் ஒன்று கேட்கிறேன். நாம் அழுதது பெட்டிக்காகவா, அலைக்காகவா? பெட்டிதான் பழையது. அலை இன்றும் இருக்கிறது, இந்த நிமிடம் உங்கள் மொட்டைமாடியைக் கடந்து போகிறது. அதைக் கேட்கவிடாமல் செய்வது காலம் அல்ல, தெருவிளக்கும் சார்ஜரும். நினைவேக்கத்துக்கு ஒரு வசதி இருக்கிறது: செத்துப்போனதாக அறிவித்துவிட்டால் காப்பாற்ற வேண்டிய கடமை போய்விடும். ஒரு கட்டுரை எழுதினால் போதும்.

"இன்டர்நெட் இருக்கு, இதெல்லாம் எதுக்கு சார்?" என்பது அடுத்தது. கேபிள் வழியாக ஜப்பானோடு பேசினால் கேபிளைப் பற்றிக்கூட ஒன்றும் தெரிந்துகொள்ள மாட்டீர்கள். ஒரு வாட்டுக்கும் குறைவான அலை வங்காள விரிகுடாவைத் தாண்டி வரும்போது அது கடந்துவந்த வானத்தின் நிலைமையையும் சேர்த்தே சொல்கிறது. வந்து சேர்ந்த செய்தி வெறும் அழைப்புக்குறிதான். ஆனால் அது வந்து சேர்ந்ததே ஓர் அளவீடு.

வழக்கமாக இந்த இடத்தில் ஹாம்கள் பேரிடரை இழுப்பார்கள். 2004 சுனாமியின்போது அந்தமானில் இருந்த பாரதி பிரசாத் குழு போர்ட் பிளேரிலிருந்து செய்தி அனுப்பியது உண்மை, பெருமைக்குரியது. ஆனால் நான் அந்த வாதத்தை இங்கே வைக்கமாட்டேன். அவர்கள் பயன்படுத்தியது சிற்றலை, நான் பேசுவது நீண்ட அலை. இதை அதில் ஒட்டவைப்பது நேர்மை இல்லை. அதோடு, ஆயிரம் பேர் செத்தால்தான் ஓர் அறிவுக்கு மதிப்பு என்று ஒப்புக்கொள்வது கேவலம். ஏரிக்கரையில் உட்கார்ந்து பறவை எண்ணுகிறவரிடம் "வெள்ளம் வந்தால் இது உதவுமா" என்று கேட்கிறோமா?

இன்னொரு பதில் உண்டு: "கடலோரம், பாதுகாப்பு, ஆண்டெனா கட்டினால் போலீஸ் வரும்." இந்தக் கடற்கரைக்கு அந்தப் பயம் வந்த வரலாறு எனக்கும் தெரியும், அதை நான் கேலி செய்யவில்லை. ஆனால் கேட்கும் கருவி எதையும் அனுப்பாது. மரச்சட்டத்தில் சுற்றிய கம்பியைச் சந்தேகப்படும் நிர்வாகம், ஊர் முழுக்க ஒலிக்கும் கரகரப்பைச் சந்தேகப்படாதது ஏன்? வானலையை நிரப்பும் குப்பை, காவல்துறையின் வயர்லெஸ்ஸையும் மீனவர் கேட்கும் வானிலை அறிவிப்பையும் மட்டும் விட்டுவைக்குமா?

பணம் உள்ளவர்களின் எதிர்ப்பு எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. 2007-இல் உலகம் ஒதுக்கிய பட்டையை அங்கே அமெச்சூர்களுக்குத் திறந்தது 2017-இல்தான். இடையில் நின்றவை மின் நிறுவனங்கள். உயரழுத்தக் கம்பிகளிலேயே தங்கள் கட்டுப்பாட்டுச் சிக்னலை இதே அலைவரிசைகளில் அனுப்பிக்கொண்டிருந்தன. கடைசியில் என்ன ஏற்பாடு? அப்படிப்பட்ட கம்பியிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி இரு, முன்கூட்டியே தெரிவி, அப்புறம் அனுப்பு. கம்பியில் போகவேண்டியது காற்றில் கசிகிறது. ஒதுங்க வேண்டியவர் காற்றில் பேசுகிறவர்! நம் மின்கட்டமைப்பிலும் கம்பிவழிச் சிக்னல் உண்டு. நாளைக்கு இங்கே அந்தப் பேச்சு எழும்போது யார் பக்கம் நியாயம் என்று இப்போதே முடிவு செய்துகொள்வது நல்லது.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. ஒலிபெருக்கிக்கு டெசிபல் வரம்பு உண்டு, மீறினால் புகார் கொடுக்கலாம். விளக்குகள் கக்கும் ரேடியோ இரைச்சலுக்கும் சிஸ்பர் 15 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது, 9 கிலோஹெர்ட்ஸிலிருந்தே வரம்பு சொல்கிறது. ஊராட்சியும் நகராட்சியும் தெருவிளக்குக்கு டெண்டர் விடும்போது அந்த ஒரு வரியைச் சேர்க்கட்டும், வந்த விளக்கை ஒரு பழைய மத்திய அலை டிரான்சிஸ்டரை அருகில் வைத்தாவது சோதிக்கட்டும். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் உள்ள கல்லூரிகளில் ஏதாவது ஓர் இயற்பியல் துறை, ஒரு கம்பிச் சுற்றையும் ஒரு லேப்டாப்பையும் மரக்காணத்து உப்பளக் கொட்டகை ஒன்றில் ஓராண்டு ஓடவிடட்டும். செலவு ஒரு சராசரி மொபைல் போன் விலைக்கு மேல் போகாது.

நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் பழைய டிரான்சிஸ்டர் இருந்தால் மத்திய அலையில், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்துங்கள். வீட்டு பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர் ஒவ்வொன்றாக அணையுங்கள். எதை அணைக்கும்போது கரகரப்பு நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பொருளைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்து, ஏன் கொடுக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள். அவர் உங்களைப் பைத்தியம் என்று நினைப்பார். பரவாயில்லை, பத்தாவது ஆள் வந்து அதையே சொல்லும்போது அவர் மொத்த வியாபாரியிடம் கேட்பார்.