ஓட்டைக் குழாயும் ஒத்திப்போட்ட பட்ஜெட்டும்!

குழாயில் ஒரு சின்ன ஓட்டை. பலியானது 3 உயிர்!

கனடா நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் இருக்கும் சிறிய மலை நகரம் பெர்னி. அங்கே நகராட்சிக்குச் சொந்தமான பனி விளையாட்டு அரங்கில், 2017-ம் ஆண்டு அக்டோபர் 17-ந் தேதி அம்மோனியா வாயு கசிந்தது. 3 பேர் மாண்டார்கள். இருவர் நகராட்சி ஊழியர்கள். ஒருவர் குளிர்சாதன மெக்கானிக். அக்கம்பக்கத்து ஜனங்கள் வெளியேற்றப்பட்டார்கள். பல நாள் கழித்துத்தான் வீடு திரும்ப முடிந்தது.

பனி அரங்கில் அம்மோனியாவுக்கு என்ன வேலை?

காசிமேடு மாதிரி மீன்பிடித் துறைமுகங்களில் ஐஸ் பேக்டரியைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். அம்மோனியா உப்புத் தண்ணீரைக் குளிர வைக்கும். உப்புத் தண்ணீர் ஐஸை உறைய வைக்கும். பனி அரங்கிலும் அதே கதைதான். தரைக்கு அடியில் வரிசையாகக் குழாய்கள். அதற்குள் ஜில்லென்று உப்புத் தண்ணீர் ஓடும். மேலே ஒன்று, ஒன்றரை அங்குலத்துக்குப் பனி உறைந்து நிற்கும்.

அம்மோனியா உப்புத் தண்ணீரைக் குளிர வைக்கும் எந்திரத்துக்கு 'சில்லர்' என்று பெயர். இரண்டுக்கும் நடுவே இருப்பது மெல்லிய குழாய்ச் சுவர் ஒன்றுதான். வயசாக ஆக அது அரிக்கும். அரித்தால் அம்மோனியா உப்புத் தண்ணீரில் கலந்துவிடும். பெர்னியில் அதுதான் நடந்தது.

தெரிந்தே ஓட்டினார்கள்!

இது திடீர் விபத்தா? இல்லை! மாகாணத் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பு 2018-ல் வெளியிட்ட அறிக்கை எல்லாவற்றையும் புட்டுப்புட்டு வைத்தது.

பழைய சில்லரை 2013-ல் மாற்றுவதாகத் திட்டம் இருந்தது. தள்ளிப் போட்டார்கள். 2017 சீசன் முடிவில் கசிவு இருப்பது தெரிந்தது. அக்டோபரில் அதே சில்லரை மறுபடி ஓட்டினார்கள். 17-ந் தேதி விடியற்காலையில் அபாய மணி அடித்தது. எந்திரத்தை நிறுத்தினார்கள். ஆனால் உப்புத் தண்ணீர்க் குழாய்க்குள் அம்மோனியாவின் அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. குழாய் இணைப்பு பிய்த்துக்கொண்டது. அறை முழுக்க விஷ வாயு!

'அடுத்த பட்ஜெட்டில் பார்த்துக்கலாம்' என்றதற்கு விலை 3 உயிர்!

சின்ன நகராட்சிகளின் கஷ்டமும் உண்மைதான். ரோடு போட்டால் ஊரே பார்க்கும். எந்திர அறைக்குள் யார் எட்டிப் பார்க்கிறார்கள்? 'பனிதான் நன்றாக உறைகிறதே, எதற்கு வீண் செலவு?' என்ற கேள்வி எழும். பனி உறைவதாலேயே எந்திரம் பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம் ஆகிவிடாது.

வழி இல்லையா?

வழி நிறையவே இருக்கிறது. தகடு வகைச் சில்லர் போட்டால் அம்மோனியா பழையதைவிட ரொம்பக் குறைவாகப் போதும். கரியமில வாயுவிலும் அரங்கம் நடத்தலாம். 2022 பீஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் வேகச் சறுக்கு அரங்கின் சுமார் 12 ஆயிரம் சதுர மீட்டர் பனியை உறைய வைத்தது கரியமில வாயுதான். அதற்கு அதிக அழுத்தம் தாங்கும் குழாய்களும் நல்ல காற்றோட்டமும் வேண்டும். எந்திரம் கக்கும் வெப்பத்தில் குளிக்க வெந்நீரே போட்டுக்கொள்ளலாம்!

அம்மோனியா இல்லாத அரங்குகளுக்கும் நிம்மதி கிடையாது. பழைய எந்திரங்கள் பலவற்றில் ஓடும் 'ஆர்-22' வாயு ஓசோன் படலத்தைக் கெடுப்பது. அமெரிக்காவில் 2020 முதல் அதன் புதுத் தயாரிப்பும் இறக்குமதியும் நின்றுவிட்டன. கசிந்தால் நிரப்பவே திண்டாட்டம்.

ஆகவே பனி அரங்கம் நடத்தும் நகராட்சிகள் செய்ய வேண்டியது மூன்று. சில்லருக்கு ஓய்வு பெறும் வயதை முன்கூட்டியே குறித்து, வருஷா வருஷம் அதற்கென்று பணம் ஒதுக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் அம்மோனியா கலக்கிறதா என்று தவறாமல் சோதிக்க வேண்டும். கசிவு தெரிந்த நிமிஷமே எந்திரத்துக்குப் பூட்டுப் போட வேண்டும். சீசன் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பனி உறையாவிட்டால் ஒரு சீசன் விளையாட்டுப் போகும். அடுத்த சீசன் வரும். எந்திர அறைக்குள் போனவர் திரும்பி வருவாரா?