தெர்மோஸ்டாட்டைக் கழட்டாதீங்கய்யா!

புனேவுல கார் வெச்சிருக்கிற நம்ம மக்களே, ஏரியா மெக்கானிக்கிட்ட போய் "எஞ்சின் சூடாகுது"ன்னு ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க. பானெட்டைத் திறந்த கையோட ஸ்பேனரை எடுப்பார். "தெர்மோஸ்டாட் நிகால் தேதா ஹூம் சாப், டென்ஷன் கதம்!" கதம் ஆகுறது டென்ஷன் இல்லீங்க, எஞ்சின்.

இதுக்கு அவங்க சொல்ற நியாயம், 'அது குளிர் நாட்டுக்காரன் வெச்ச சாமான், நம்ம வெயிலுக்கு எதுக்கு?' கேட்க நல்லாத்தான் இருக்கு. பொறியியல் படிச்ச நானே தலையாட்டினேன்னா பாத்துக்குங்க. எந்த ஊரா இருந்தாலும் எஞ்சினுக்குன்னு ஒரு சூடு வேணும். சுமார் 80 டிகிரி தாண்டினப்புறம்தான் தெர்மோஸ்டாட் ரேடியேட்டருக்கு வழி விடும். அது இல்லேன்னா எஞ்சின் குளிர்ந்தே கிடக்கும், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலா ஊத்தும், மைலேஜ் போகும். இன்னொரு கூத்தும் உண்டு. பல எஞ்சின்கள்ல பைபாஸ் வழியை அடைக்கிறதும் இதே தெர்மோஸ்டாட்தான். கழட்டிட்டா சுடுதண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாம எஞ்சினுக்குள்ளயே சுத்தும். மேட்டுல ஏறுறப்ப சூடு குறையாது, ஏறும்!

எல்லாத்தையும் விட மோசம், நோயை மறைக்கிறது. சிக்னல்ல நிக்கும்போது மட்டும் சூடானா ஃபேன், ரிலேயைப் பாக்கணும். ஹைவேயில மட்டும்னா ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், சரியாத் திறக்காத தெர்மோஸ்டாட். ரிசர்வாயர்ல அளவு குறைஞ்சுக்கிட்டே வந்தா எங்கேயோ ஒழுகுது. முன்சீட்டு கால்மிதி ஈரமாகி இனிப்பு வாசனை அடிச்சா ஹீட்டர் கோர். ஆயில் மூடிக்கு அடியில பால்காப்பி மாதிரி இருந்தா ஹெட் கேஸ்கெட் மேல சந்தேகம் வரணும். இதையெல்லாம் கேட்காம ஸ்பேனரைத் தூக்கினா அது வைத்தியமா?

என் கதைக்கு வர்றேன். தெர்மோஸ்டாட்டைக் கழட்டி என் கையிலயே குடுத்துட்டு, கூலன்ட்டுக்குப் பதிலா குழாய்த் தண்ணியை ரொப்பி அனுப்பினார் அந்தப் புண்ணியவான். உப்பு படியுற டேங்கர் தண்ணி! இருபது நாள் ஒரு பிரச்சனையும் இல்ல. மே மாசம், அம்மா, தங்கமணி, ரெண்டு வாண்டுகளோட திருநெல்வேலிக்குக் கிளம்பினோம். சாத்தாரா போற வழியில கம்பாட்கி காட் ஏறும்போது சிவப்பு விளக்கு. (இப்ப வர்ற பல வண்டியில முள்ளே கிடையாது. விளக்கு எரியிறப்ப பாதி கதை முடிஞ்சிருக்கும். இந்தக் கம்பெனிக்காரங்களைத் தனியா ஒரு நாள் திட்டணும்.) உச்சி வெயில்ல, லாரிகளுக்கு நடுவுல அம்மாவைச் சாலையோரம் உக்கார வெச்சது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

உண்மையான காரணம்? ரேடியேட்டரோட பிளாஸ்டிக் டேங்கும் அலுமினியமும் சேர்ற இடத்துல முடியளவு கசிவு. சூடேறி அழுத்தம் வந்தா மட்டும் ஒழுகி, அங்கேயே ஆவியாயிடும், தரையில ஒரு சொட்டு விழாது. மூடி தாங்குற அளவுக்குக் கைபம்புல காத்தடிச்சு, கால்மணி நேரம் முள் இறங்குதான்னு பாத்திருந்தா முதல் நாளே மாட்டியிருக்கும். அந்தக் கருவி அவர்கிட்ட இல்ல. 'இல்ல சாப், வேற இடம் பாருங்க'ன்னு சொல்ல மனசும் இல்ல. கடைசியில ஹெட் வளைஞ்சு, பில்லு முப்பத்தெட்டாயிரம்.

நடுவழியில தெர்மோஸ்டாட் மூடின மேனிக்கே சிக்கிக்கிட்டா, கழட்டிட்டு ஊர் போய்ச் சேருங்க, தப்பில்ல. ஆனா மறுநாளே புதுசு மாட்டணும். 'அப்படியே விடுங்க'ங்கிறவர்கிட்ட சாவியைத் திருப்பி வாங்கிடுங்க. "பிரஷர் டெஸ்ட் பண்ணீங்களா?"ன்னு கேளுங்க, முறைச்சா முறைக்கட்டும். மூடியை மட்டும் சூட்டோட திறந்துடாதீங்க, முகம் வெந்துடும்.

ஊருக்குத் திரும்பின ராத்திரி, டேஷ்போர்டுல கிடந்த அந்தப் பழைய தெர்மோஸ்டாட்டை அடுப்புல தண்ணி வெச்சு, தெர்மாமீட்டரோட உள்ளே போட்டேன். 82 டிகிரியில சமர்த்தாத் திறந்துச்சு. ஆற வெச்சேன், மூடிக்கிச்சு. ஒரு குறையும் இல்லாத சாமான்! தங்கமணி மட்டும் அந்தப் பால் பாத்திரத்தை இனிமே தொடமாட்டாங்களாம்.