கொக்கி தளர்ந்தால்

கழுத்துச் சங்கிலி நடுவில் அறுந்து காணாமற்போவது குறைவு. பூட்டுமிடத்துக் கொக்கியோ, அது மாட்டும் வளையமோ வாய் திறந்து, எவரும் அறியாமல் நழுவுவதே மிகுதி. விழுந்த இடமும் தெரியாது, வேளையும் தெரியாது. அதன்பின் நம் இல்லங்களில் நிகழ்வதை நாம் அறிவோம். முதலில் பாயும் தலையணையும் உதறப்படும். அடுத்துக் குப்பைக் கூடை கொட்டப்படும். பொழுது சாய்வதற்குள் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் மீது எல்லாருடைய பார்வையும் போய் நிற்கும். வாய்விட்டு எவரும் சொல்வதில்லை. ஆயினும் அவளுக்குப் புரிந்துவிடும்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் மாலை அறுந்த வரலாறு நமக்குப் புதிதன்று. ஒரு போர்ப் பயணத்திலிருந்து மதீனா திரும்பும் வழியில், யமன் நாட்டு ளஃபார் மணிகளாலான தம் மாலை அறுந்து விழுந்ததைக் கண்டு, அதைத் தேடிச் சென்றார்கள். அவர்கள் உள்ளே இருப்பதாக எண்ணி, வெறுமையான சிவிகையை ஒட்டகத்தின் மீது ஏற்றிக் கூட்டம் புறப்பட்டுவிட்டது. பின்னர் நயவஞ்சகர் பரப்பிய அவதூறும், அன்னையாரின் தூய்மையை அறிவித்து அந்நூர் அத்தியாயத்தில் இறங்கிய வசனங்களும் நீங்கள் அறிந்தவையே. அறுந்த மாலை ஒன்றிலிருந்து பேச்சு எத்துணைத் தொலைவு ஓடிற்று! ஆகவே, தளர்ந்த கொக்கியை உடனே கவனிப்பதை நகையைக் காப்பதாக மட்டும் நான் எண்ணவில்லை. குற்றமற்ற ஒருத்தியின் மானத்தைக் காப்பதாகவும் எண்ணுகிறேன்.

இதற்குப் பெரிய கருவிகள் வேண்டா. கூர்மூக்குக் குறடு இரண்டும், மென்துணியும் போதும். தட்டில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் வைத்துச் செய்க. தெறித்தாலும் கண்ணில் படும்.

முதலில் பார்க்க வேண்டியது கடைசி வளையம். அதைத் திறக்க நேர்ந்தால் இரு முனைகளையும் வெளிப்புறமாக இழுத்து விரிப்பதே பலருடைய வழக்கம். அவ்வாறு விரித்த வளையம் மீண்டும் வட்டமாக வராது. ஒரு முனையை உங்கள் பக்கமும் மறு முனையை அப்பக்கமுமாக, கதவைத் திறப்பதுபோல் பக்கவாட்டில் திருப்புக. மூடும்போதும் அதே வழியில் திருப்பி முனைகளை நேராகச் சேர்க்க வேண்டும். பொருத்தின் மீது நகத்தை ஓட்டுங்கள். தடுக்கினால் இன்னும் சேரவில்லை. துணியைக் குறட்டின் தாடைகளில் சுற்றிக்கொள்ளாவிடில் 22 காரட் தங்கத்தில் தழும்பு விழும். அத்துணை மென்மையானது அது. மற்றொன்று: எந்த உலோகமும் மீண்டும் மீண்டும் வளைத்தால் இறுகி ஒடியும். ஒரே வளையத்தை மூன்றாம் முறையும் திருகாமல் புதிது போட்டுவிடுங்கள். பற்றவைத்து மூடிய வளையத்தை வலிந்து திறக்கவே கூடாது.

எஸ் கொக்கியின் வாய் அகன்றிருந்தால் சிறிது சிறிதாக அழுத்துக. வளையம் சற்றே இறுக்கத்துடன் நுழைந்தால் அதுவே அளவு. கொக்கி உரசும் இடத்தில் வளையம் மெலிந்து நூல்போல் ஆகியிருந்தால் அழுத்துவதால் பயனில்லை.

சுருள்வில் வைத்த வட்டக் கொக்கி சரியாக மூடாவிட்டால் பெரும்பாலும் குற்றம் அழுக்கினுடையது. எண்ணெய், பவுடர், சோப்பு எல்லாம் உள்ளே சென்று உறைந்துவிடுகின்றன. வெதுவெதுப்பான சோப்பு நீரில் பத்து நிமிடம் கொக்கியை மட்டும் அமிழ்த்தி, மெல்லிய தூரிகையால் தேய்த்து நன்கு உலர்த்துக. நகை தங்கமாயினும் உள்ளிருக்கும் வில் பெரும்பாலும் எஃகுதான். ஈரம் நின்றால் துருப்பிடிக்கும். வில் ஒடிந்திருந்தால் கொக்கியையே மாற்ற வேண்டும். நூலில் கோத்த கருகமணியையும் முத்தையும் நீரில் ஊறப்போடாதீர்கள், நூல் இற்றுவிடும்.

தோட்டுத் திருகாணி மரை தேய்ந்து கழன்றால் மெல்லிய நூலை ஒரு சுற்றுச் சுற்றித் திருகுவார்கள். இரண்டொரு நாளைக்கு அது தாங்கும், அவ்வளவே.

நெருப்பு வேண்டிய வேலை நம்முடையதன்று. வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் ஈயப் பற்றைத் தங்கத்தில் வைக்கும் கெட்டிக்காரர்கள் சிலர் உளர். பின்னாளில் பத்தர் அதைச் சூடாக்கும்போது அந்த ஈயம் தங்கத்தை அரித்து நொறுங்கச் செய்யும். உடனடிப் பசையும் அப்படியே. சூட்டில் எரிந்து நாறும். அவர் அதைச் சுரண்டி எடுத்த பின்னரே வேலை தொடங்க முடியும். பழைய கே.டி.எம். நகைகளின் பற்றில் காட்மியம் கலந்திருக்கும். அதன் புகை நச்சு. பத்தரிடம் கொடுக்கும் முன்னும் வாங்கிய பின்னும் எடை பார்த்துக்கொள்ளுங்கள். இது அவரை ஐயுறுவதாகாது; அவருக்கும் நமக்கும் பேச்சு வராமல் காப்பது.

நிக்காஹ்வுக்குப் புறப்படும் நேரத்தில் கொக்கி போய்விட்டால் கடைசி வளையங்கள் இரண்டையும் உறுதியான பட்டு நூலால் நான்கைந்து சுற்றுக் கட்டி முடிச்சிடலாம். ஊக்கு மாட்டுவதைவிட அது மேல்; எஃகு ஊக்கு தங்கத்தைத் தேய்த்துவிடும். அணிந்திருப்பது இரவல் நகையானால், நூல் கட்டியதைத் திருப்பித் தரும்போது மறவாமல் சொல்லிவிடுங்கள். உரியவரைக் கேளாமல் குறட்டை எடுக்க வேண்டா.