அங்கோரின் மண்மேடுகள்

கம்போடியாவின் அங்கோரைப் பற்றி எழுதும் நம்மவர் பலரும் கோபுரங்களையும் அகழியையும் வருணித்த அளவில் நிறுத்திவிடுகின்றனர். நானும் வகுப்பறையில் அவ்வாறே பல்லாண்டு கற்பித்தவன். அங்கே குடிமக்கள் எவ்விடத்தில் வாழ்ந்தனர் என்று மாணவன் ஒருவன் வினவியிருப்பின் விடையின்றி விழித்திருப்பேன்.

விடை ஆகாயத்திலிருந்து கிடைத்தது. 2012 ஆம் ஆண்டில் ஹெலிகொப்ரரிற் பொருத்திய இலேசர்க் கருவியால் 370 சதுர கிலோமீற்றர் நிலம் அளக்கப்பட்டது. 2015 இல் மேலும் ஏறத்தாழ 1,900. கருவி பாய்ச்சும் ஒளித்துடிப்புகளுட் பெரும்பாலானவை இலைகளிற் பட்டுத் திரும்பும். இலையிடுக்கிற் புகுந்து மண்ணைத் தொட்டு மீள்பவை சிலவே. அச் சிலவற்றை மாத்திரம் கணினி பிரித்தெடுத்து, நிலத்தின் மேடுபள்ளத்தை வரைந்து தருகின்றது. ஒரு மரமும் வெட்டப்படாமலே காட்டின் அடித்தரை கண்முன் விரிகின்றது.

அங்கோர் வாட் மதிலுக்குள்ளேயே கட்டங்கட்டமாய் வீதிகள். அவற்றினிடையே வரிசை வரிசையாக மண்மேடுகள். மேடுகளின் அருகே சிறு குளங்கள். தோண்டியபோது புழங்கிய மட்பாண்டங்களின் ஓடுகள் வெளிப்பட்டன. கல் அங்கே தெய்வங்களுக்கே உரியது. மன்னனும் மரமாளிகையிலேதான் வாழ்ந்தான். 1296 இல் அங்குச் சென்ற சீனத் தூதுக்குழுவைச் சேர்ந்த சௌ தாகுவான், குடிமக்கள் தம் வீட்டுக்குப் புல்லே வேய்ந்தனர் எனக் குறித்திருக்கின்றார். மரமும் புல்லும் மக்கின; மேடு எஞ்சிற்று. தா புரோம் கோயிற் கல்வெட்டோ, அங்கு உறைய உரிமையுடையோர் 12,640 பேர் என்கின்றது.

இவ்வளவும் தெரிந்த பின்னர் நடந்ததுதான் என்னை எழுதத் தூண்டியது. 1992 இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்த இப் பகுதியிலிருந்து, ஏறத்தாழப் பத்தாயிரம் குடும்பங்களை ரன் தா ஏக் முதலிய புதிய குடியிருப்புகளுக்கு மாற்றும் வேலையைக் கம்போடிய அரசு 2022 இல் முடுக்கிவிட்டது. சட்டத்துக்கு மாறாகக் குடியேறியோரே, அதுவும் தாமாகவே, செல்கின்றனர் என்றது அரசு. பலர் அச்சுறுத்தலால் அகன்றனர் என 2023 இல் சர்வதேச மன்னிப்புச் சபை அறிக்கை வெளியிட்டது. இவ்வகற்றலைத் தான் கேட்கவில்லை என யுனெஸ்கோ கூறிற்று.

குடிசைகள் வரம்பின்றிப் பெருகினால் அந்த மேடுகளே சிதையும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், மரபுரிமை நிலத்தில் மனிதவாடையே கூடாதென்று கருதும் திட்டக்காரர், தம் கையிலுள்ள படத்தைப் படித்தவரல்லர். 2009 முதல் 2011 வரை சியெம் ரீப் நகரை வெள்ளம் சூழ்ந்தபின், அரசின் அதிகாரசபையே பழைய கால்வாய்களையும் நீர்த்தேக்கங்களையும் செப்பனிட்டு மீளப் பயன்படுத்தியது. பண்டைய கால்வாயில் இன்று நீர் ஓடலாம். பண்டைய ஊரில் இன்று ஓர் உழவன் வாழலாகாதோ?

எந்த மேட்டைத் தோண்டலாகாது, எந்தப் பள்ளத்தைத் தூர்க்கலாகாது, வீடு எழுப்பத் தக்க வெற்றிடம் எது என்பனவற்றை ஊர் ஊராக, வளவு வளவாகக் காட்ட வல்லது அப் படம். அதனைக் கெமர் மொழியிற் பெயர்த்தெழுதி, எஞ்சிய கிராமங்களின் மரநிழலிலே விரித்து, அங்குள்ள முதியோரை அழைத்துப் பேசியிருக்கலாம். இன்னும் பேசலாம்.