மலிவு ரயரும் நாலு இலக்கமும்



இந்த மாதம் சமையலைப் பற்றியோ பிள்ளை வளர்ப்பைப் பற்றியோ அல்ல, வாகன ரயரைப் பற்றி உங்களுடன் கதைக்கப் போகிறேன். "இது ஆம்பிளையளின்ர விசயமெல்லோ" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நான் செய்த ஒரு பிழையிலிருந்து இதைத் தொடங்குகிறேன்.

பேசாலைப் பக்கத்தில் எனக்குப் பழக்கமான ஒரு அக்கா இருக்கிறார். 2009 இல் கணவரை இழந்தவர். இரண்டு பெண் பிள்ளைகள். வெளிநாட்டிலுள்ள சகோதரி அனுப்பிய பணத்தோடு தன் நகையையும் விற்றுப் பழைய மாருதி அல்டோ ஒன்றை வாங்கினார். தம்பி ஓட்டுகிறார். ஆஸ்பத்திரிக்குப் போவோர், மடுவுக்குப் போவோர், ரியூசன் பிள்ளைகள் என்று கிடைக்கிற ஓட்டத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. பின் ரயர் இரண்டும் வழுக்கலாகிவிட்டன என்று தம்பி சொன்னபோது அக்கா என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஒரு கடைக்குப் போனார்.

கடைக்காரர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "வீட்டில ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ? அவையளை அனுப்புங்கோவன்" என்றார். அக்காவுக்கு முகம் வாடிப்போனது. எனக்குக் கோபம் வந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த நான், அந்தக் கோபத்தில் விலை பேசுவதிலேயே குறியாக நின்றேன். கறுப்புப் பொலிஷ் பூசி மினுங்கிய இரண்டு பாவித்த ரயர்களைப் பாதி விலைக்குப் பேசி முடித்தோம். பூ நல்ல ஆழமாக இருந்தது. வென்றுவிட்டோம் என்ற எண்ணத்தோடு வீடு திரும்பினோம்.

இரண்டு மாதம் கழித்து அக்கா தன் தாயாரை வவுனியாவுக்குக் கண் காட்டக் கூட்டிப் போனார். பிள்ளைகளும் கூடவே. திரும்பி வரும்போது உச்சி வெயில். மடுச் சந்திக்கும் முருங்கனுக்கும் இடையில் பின் ரயர் ஒன்று வெடித்தது. வண்டி வலப்பக்கம் இழுபட்டு, மறுபக்க ஓரத்து மண் அணையில் முட்டி நின்றது. எதிரே அந்த நேரம் பஸ் ஒன்றும் வரவில்லை. அதனால்தான் ஐந்து பேரும் உயிருடன் இருக்கிறார்கள். சின்ன மகளின் நெற்றியில் மூன்று தையல்.

செய்தி கேட்டுப் போன நான், கிழிந்த ரயரைக் குனிந்து பார்த்தேன். அதன் பக்கச் சுவரில் ஒரு சிறு வட்டத்துக்குள் 3412 என்று நாலு இலக்கம் இருந்தது. 2012 ஆம் ஆண்டின் 34 ஆவது வாரத்தில் செய்யப்பட்ட ரயர் அது. கடையில் அந்த இலக்கம் என் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. அதை வாசிக்க எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அதன் பிறகு எனக்குத் தெரிந்த ஒரு பழைய சாரதி ஐயாவிடமும் ரயர் ஒட்டும் ஒரு தம்பியிடமும் நாட்கணக்காக இருந்து கேட்டுப் படித்தேன். அதில் உங்களுக்கு வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலாவது, வயது. ரயரின் பக்கச் சுவரில் டி.ஓ.ரி என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் ஆண்டு. 1524 என்றால் 2024 ஆம் ஆண்டின் 15 ஆவது வாரம். இந்த இலக்கம் ஒரு பக்கச் சுவரில் மட்டும் இருக்கக்கூடும். ஆகவே மறுபக்கத்தையும் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். ஓடாமல் இருந்தாலும் இறப்பர் கிழடாகும். வெயிலும் வெக்கையும் அதைக் காயவைத்து வெடிப்பு விழச் செய்கின்றன. எங்கள் தீவில் வெயிலுக்குக் குறைவில்லை. ஐந்து வருடம் தாண்டிய ரயரை வருடத்துக்கொரு முறை தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். பத்து வருடம் ஆனதைப் பூ இருந்தாலும் கழற்றிவிட வேண்டும். பக்கச் சுவரில் நகக்கீறல் போல வெடிப்புகளோ வீக்கமோ கண்டால் வாங்கவே வேண்டாம். பொலிஷ் அந்த வெடிப்புகளை மறைத்துவிடும். ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். வாங்குபவருக்கு அந்த உரிமை உண்டு.

இரண்டாவது, அளவு. அல்டோ 800 வண்டிக்கு 145/80 ஆர் 12 என்று இருக்கும். 145 என்பது ரயரின் அகலம் மில்லிமீற்றரில். 80 என்பது அந்த அகலத்தில் எத்தனை வீதம் உயரம் என்பது. 12 என்பது ரிம்மின் விட்டம் அங்குலத்தில். இதற்குப் பக்கத்தில் 74 என்று இருந்தால் அந்த ரயர் 375 கிலோ தாங்கும் என்று பொருள். நாலு ரயருக்கும் 1500 கிலோ என்று கணக்கு வரும். ஆனால் அது காற்றுச் சரியாக உள்ள நல்ல ரயருக்கான கணக்கு. வாகனத்துக்கென்று விதித்த பாரம் அதைவிடக் குறைவு. மடுத் திருவிழாவுக்கு ஒரு சின்னக் காரில் ஒன்பது பேரை ஏற்றும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். "கொஞ்சம் பெரிசு, ஆனாப் போடலாம்" என்று கடையில் சொன்னால் தலையாட்டாதீர்கள். சரியான அளவு சாரதியின் கதவைத் திறந்தால் தெரியும் தகட்டிலோ வாகனப் புத்தகத்திலோ இருக்கும்.

மூன்றாவது, தேய்மானம். பூவின் பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீற்றர். பூ தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் ரயரின் காலம் முடிந்தது. மாரியில் நனைந்த றோட்டில் அது தண்ணீரை வெட்டி ஓடாது, வழுக்கும். இரவில் கழுதை குறுக்கே வந்து நின்றால் பிரேக் பிடிக்காது. தேய்ந்த விதமும் கதை சொல்லும். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் சில்லின் நேர் பிழைத்திருக்கிறது. அதைத் திருத்தாமல் புது ரயர் போட்டால் அதுவும் அப்படியே தேயும்.

இனி விலை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். 2022 இல் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்வரை ஏறியபோது எல்லாச் சாமானுக்கும் விலை ஏறியது. பழைய வண்டிகளைப் பழைய ரயரோடு வைத்து ஓட்டுவதற்குக் காரணம் எங்கள் அசட்டை அல்ல, கையில் காசு இல்லாமைதான். ஆனாலும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எடுத்துக்காட்டுக்குச் சொல்கிறேன். பாவித்த ரயர் 8000 ரூபாய், 10,000 கிலோமீற்றர் ஓடும் என்று வைப்போம். கிலோமீற்றருக்கு 80 சதம். புதியது 20,000 ரூபாய், 40,000 கிலோமீற்றர் ஓடும் என்றால் கிலோமீற்றருக்கு 50 சதம். கையில் எடுக்கும்போது மலிவாக இருந்தது ஓடும்போது விலை கூடியதாகிவிடுகிறது. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள்.

நாலையும் ஒரேயடியாக வாங்க வேண்டியதில்லை. இரண்டு வாங்குங்கள். ஒரே அச்சில் இரண்டும் ஒரே அளவாகவும் ஒரே வகையாகவும் இருக்கட்டும். புதிய இரண்டையும் முன்னுக்குப் போடவே பலர் சொல்வார்கள். பின்னுக்குப் போடுவதே நல்லது என்று ரயர் செய்பவர்கள் சொல்கிறார்கள். முன் சில்லு வழுக்கினால் சாரதிக்குக் கைப்பிடியில் தெரியும், வேகத்தைக் குறைக்கலாம். பின் சில்லு வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். களனியில் செய்யும் உள்நாட்டு ரயர்களும் கடைகளில் உண்டு. வெளிநாட்டுப் பெயருக்காக மட்டும் கூடக் கொடுக்காமல் இரண்டின் விலையையும் உத்தரவாதத்தையும் கேட்டுப் பாருங்கள்.

பாவித்ததைத்தான் வாங்க முடியும் என்ற நிலையென்றால் வயதையும், உட்பக்கத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். மலை உருவத்துக்குள் பனிச்செதில் வரைந்த அடையாளம் இருந்தால் அது குளிர்நாட்டு றோட்டுக்கு மென்மையான இறப்பரில் செய்தது. எங்கள் வெயிலில் சீக்கிரம் தேய்ந்துபோகும். உடைமுள் குத்தினால் பூப் பகுதியில் ஒட்டுப் போடலாம். பக்கச் சுவரில் ஒட்டுப் போட்ட ரயரை ஓட்டவே கூடாது.

கடைசியாகக் காற்று. இதற்குச் செலவே இல்லை என்று சொல்லலாம். காற்றுக் குறைந்த ரயர் ஓடும்போது மடங்கி மடங்கி உள்ளே சூடேறும். வெடிப்பதற்கு அது பெரிய காரணம். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, வண்டி ஓடிச் சூடாகும் முன், காலையில் பாருங்கள். ஸ்பெயார் ரயரையும் மறக்காதீர்கள். அக்காவின் வண்டியில் அன்றைக்கு ஸ்பெயாரிலும் காற்று இருக்கவில்லை.

சகோதரிகளே, 2008 இல் மாந்தைப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்தபோது எங்கள் குடும்பத்தின் சாமான் முழுவதும் அப்பாவின் சைக்கிளில் இருந்தது. பின் ரயர் கிழிந்ததும் அப்பா உள்ளே வைக்கோலைத் திணித்துக் கயிற்றால் சுற்றி உருட்டினார். அன்றைக்கு எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர்களுக்கு எதையும் சமாளிக்கும் பழக்கம் வந்துவிட்டது. "இதுவே போதும், இது தாங்கும்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கம்தான் எங்களைக் காப்பாற்றியது. ஆனால் இன்றைக்கும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அதே பழக்கத்தில் றோட்டில் இறங்க வேண்டுமா என்று யோசித்துப் பாருங்கள்.

அக்கா இப்போது தன் கிராமத்தில் வாகனமும் ஓட்டோவும் வைத்திருக்கும் ஐந்து பெண்களோடு ஒரு சீட்டுப் பிடிக்கிறார். மாதம் ஒருவருக்கு இரண்டு புது ரயர். வட்டிக்கு ஆளிடம் போக வேண்டிய தேவை இல்லை. முதல் சீட்டு அக்காவுக்கே விழுந்தது. நானும் கூடப் போனேன், இம்முறை வாயைத் திறக்கவில்லை. அதே கேள்வியை வேறொரு கடையிலும் கேட்டார்கள்: "வீட்டில ஆம்பிளையள் இல்லையோ?"

அக்கா ரயரைத் திருப்பி வைத்து இலக்கத்தை விரலால் தடவிக்கொண்டே சொன்னார்: "இல்லைத் தம்பி. நான்தான் இருக்கிறன். இது நாலு வருசத்துக்கு முந்தினது. இந்த வருசத்துது இருந்தா எடுங்கோ."

அந்தத் தம்பி ஒன்றும் பேசாமல் உள்ளே போய் வேறு இரண்டை உருட்டிக்கொண்டு வந்தார்.

இன்று மாலையே உங்கள் வீட்டு வண்டியின் பக்கத்தில் குந்தியிருந்து அந்த நாலு இலக்கத்தையும் வாசித்துப் பாருங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.