எண்ணப்படுவது யார் வாக்கு?



‘அமெரிக்கன் ஐடல்’ பாட்டுப் போட்டியில் மக்கள் தீர்ப்பே இறுதியானது என்பார்கள். ஆனால் 2002இல் தொடங்கியபோதே ஒருவர் எத்தனை முறை வேண்டுமானாலும் தொலைபேசியில் வாக்களிக்கலாம் என்று விட்டுவிட்டதால், அங்கே எண்ணப்பட்டது ரசிகர்களின் விடாப்பிடிதான். 2004இல் ஏழாம் இடத்தோடு வெளியேற்றப்பட்ட ஜெனிஃபர் ஹட்சன், ‘ட்ரீம்கேர்ள்ஸ்’ படத்துக்காக 2007இல் ஆஸ்கரே வாங்கினார். கெல்லி கிளார்க்சனும் கேரி அண்டர்வுட்டும் இதே வாக்கில் வென்றவர்கள்தானே என்று கேட்கலாம். உண்மைதான், மக்களுக்கு ரசனை இல்லை என்பதல்ல என் வாதம். ஒரே ஆள் நூறு ஆளாகக் கணக்கில் ஏறுவதைத்தான் குறை சொல்கிறேன். வெளியேறவேண்டிய ஒருவரை நடுவர்கள் காப்பாற்றலாம் என்ற விதியை 2009இல் நிகழ்ச்சிக்காரர்களே கொண்டுவந்தார்களே, சும்மாவா? ஆளுக்கு ஒரு வாக்கு என்று வைத்தால் அந்த ஒட்டுப்போடும் வேலையே தேவைப்படாது. கோடிக்கணக்கில் வாக்கு விழுந்தது என்று விளம்பரத்தில் பீற்றிக்கொள்ள முடியாமல் போகும், அவ்வளவுதான்.

— ஒரு வாசகர்